உரிமம் அவர் பேரில்

பஸ் மெதுவாயிற்று.

அவள் கால்களை இன்னும் இறுக்கிக்கொண்டாள். சுருட்டிய பாய் முழங்கால்களுக்கு நடுவே நின்றது. பாய்க்குள் அவருடைய வேட்டி. வேட்டிக்குள் துப்பாக்கி.

முன்னால் தடுப்பு போட்டிருந்தார்கள். தேர்தல் நேரத்துச் சோதனை. மலையிலிருந்து இறங்கும் ஒரு வண்டியையும் சும்மா விடவில்லை.

நேற்றுத்தான் கணவனின் கருமாதி முடிந்தது.

காட்டுப்பன்றிக்காக வாங்கிய ஒற்றைக்குழல். காப்பித் தோட்டத்தில் வெடித்ததைவிடச் சுவரில் தொங்கியதே அதிகம். ஆனால் அதற்கான சட்டத்தில் ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றிருந்தது. ஐந்து என்று மாற்றினார்கள். புதிதாகப் பயிற்சிச் சான்று கேட்டார்கள். நரைத்த தலையோடு திண்டுக்கல் போய்ச் சுட்டுக் காட்டிவிட்டு வந்தார். தேர்தல் அறிவித்தால் மறுநாளே ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுவார்.

இந்தத் தேர்தலை அறிவித்தபோது அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். வாரிசு பேருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு வருடம் வரை வைத்திருக்கலாம். அதெல்லாம் பழைய சட்டம், இப்போது வேறு.

கொழுந்தன் தவசி மட்டும் உறுதியாகச் சொன்னான்.

"அண்ணன் போனதோட அவரு லைசென்சும் போயிருச்சு மதினி. இனிமே இது கள்ளத் துப்பாக்கிதான். யாரு கையில இருக்கோ, அவுக உள்ள போகணும்."

சொல்லிவிட்டு, தன் பைக்கில் அதை ஏற்ற மறுத்துவிட்டான்.

விடிந்ததும் அவளே சுவரிலிருந்து கழற்றினாள். ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். நடந்ததைச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். வழி நெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

அவரு இறந்துட்டாருங்க.

வாய்விட்டு இன்னும் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்த எல்லோரும் தெரிந்துதான் வந்தார்கள்.

இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். இளையவர் ஒவ்வொரு பையாகத் திறக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். வாழைக்காய். கீரைக்கட்டு. குழந்தையின் பால் புட்டி.

அவளுக்கு முன் இருக்கை வரை வந்துவிட்டார்.

அவள் எழுந்துவிட்டாள்.

"ஐயா, எங்கிட்ட துப்பாக்கி இருக்கு."

பக்கத்தில் இருந்தவள் பிள்ளையை இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டாள்.

இளையவரின் கை தன் இடுப்புக்குப் போயிற்று. பெரியவரைக் கூப்பிட்டார். பெரியவர் பாயை வாங்கிப் பிரித்தார். குழலை மடித்துப் பார்த்தார். தோட்டா இல்லை.

"லைசென்ஸ் எங்க?"

மடியில் செருகியிருந்த பிளாஸ்டிக் உறையை நீட்டினாள். பெரியவர் அதிலிருந்த படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குரல் தணிந்தது.

"வீட்டுக்காரர் பேர்லயா இருக்கு. ஒப்படைக்கத்தான கொண்டு போறீங்க?"

"ஆமாங்கய்யா."

"அவருதாம்மா கொண்டு வரணும். உங்க கையில இருந்தாலே தப்பு. இது இங்க இருக்கட்டும். சாயங்காலத்துக்குள்ள அவரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்க. இல்லன்னா கேஸாயிரும்."

வழி நெடுகச் சொல்லிப் பார்த்ததைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"சொல்றேங்க" என்றாள்.

"வந்துருவாருல்ல?"

"வந்துருவாரு."

பாயையும் உறையையும் எடுத்துக்கொண்டு அவர்கள் இறங்கினார்கள். தடுப்பு விலகியது.

அவள் உட்கார்ந்தாள். முழங்கால்களுக்கு நடுவே ஒன்றும் இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பின்படிக்கட்டில் கண்டக்டர் மாயழகு நின்றிருந்தான். அவள் ஊர்க்காரன். பாடைக்குத் தோள் கொடுத்தவன்.

விசிலை வாயில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான்.

ஊதவில்லை.