பிரேக் வைக்காத வண்டி

ஜெயந்தினியின் நெற்றியில் பொட்டு இல்லை.

காலையில் வீட்டுக் கண்ணாடியில் ஒட்டியிருந்தவற்றில் பெரிய அரக்குப் பொட்டாகப் பார்த்து எடுத்து அவள் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். கல்யாணமாகி இந்த எட்டு மாதத்தில் ஒரு நாளும் அவள் நெற்றி வெறுமையாக இருந்ததில்லை. இப்போது தேயிலை மலைச் சரிவில், வெறும் நெற்றியோடு எனக்கு மேலே நின்றாள்.

நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். வண்டியின் பலகையில் நிரஞ்சன் மாப்பிள்ளை மாதிரி சம்மணமிட்டு உட்கார்ந்து, கெமராவில் கண்ணை வைத்திருந்தான்.

கெமராவுக்குள் என் மனைவி.

நேற்று எடுத்த காட்சியில் கம்மல் மாறிவிட்டது என்று குதித்தவன், இன்று பொட்டில்லாததைக் கண்டுகொள்ளவே இல்லை.

அந்த வண்டி நான் செய்தது. கெமராவை ஏற்றித் தண்டவாளத்தில் உருட்டுகிற வண்டி. நிரஞ்சன் அதை டொலி என்பான். கூடப் படித்தவன் குறும்படம் எடுக்கிறானே என்று, ஹட்டனில் நான் வேலை செய்யும் ஆட்டோ கராஜில் மூன்று வாரம் மெனக்கெட்டேன். ஒரு பழைய கதவுப் பலகை. கழித்துப் போட்ட பெயாரிங் பதினாறு. இரும்புப் பட்டையை வெட்டி, குழாயை இரண்டு பக்கமும் கவ்வும்படி பெயாரிங்கைச் சாய்த்துப் பூட்டினேன். இரண்டு தண்ணீர்க் குழாய்கள்தான் தண்டவாளம். பின்னால் நெஞ்சுயரத்துக்கு ஒரு கைப்பிடிக் கம்பி.

நிரஞ்சன் போனில் காட்டிய வீடியோவில் வண்டி சமதரையில் ஓடியது. நம் மலையில் சமதரைக்கு எங்கே போவது? பிரேக் ஒன்று வைத்துவிடலாமா என்று கேட்டான்.

"பிரேக் எதுக்குடா? அதான் நான் இருக்கேன்ல" என்றேன்.

கதாநாயகி கிடைக்கவில்லை என்று அவன் தலையைச் சொறிந்தபோது ஜெயந்தினியின் பெயரைச் சொன்னதும் நான்தான். என் வாயை என்ன செய்வது?

நான்கு நாளாகப் படப்பிடிப்பு. அவள் கண் தானாகப் பேசுகிறது என்றான். பக்கவாட்டில் வெயில் விழுந்தால் அவள் முகமே வேறாகிவிடுகிறது என்றான். பக்கத்தில் படுத்து எழும்புகிற எனக்கு இதெல்லாம் ஏன் தெரியாமல் போனது? வீட்டில் ஒரு தேத்தண்ணிக்கு இரண்டு தரம் கேட்க வேண்டும். அவன் சொன்னால் பத்துத் தரம் முகம் சுளிக்காமல் நடந்து காட்டினாள். அவனை அண்ணன், அண்ணன் என்றுதான் கூப்பிட்டாள். அதுவும் எனக்கு நடிப்பாகத்தான் பட்டது.

சற்று முன் பெயாரிங்குக்கு எண்ணெய் கொண்டுவர லயத்து வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது இருவரும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பொட்டைக் காணோம்.

கொழும்புக்கு வேலைக்குப் போகிற கணவனை மனைவி பார்த்து நிற்கிற காட்சி. கணவன் படத்தில் வரமாட்டான். விலகிப் போகிற கெமராதான் அவன். வண்டி அவளை விட்டுச் சரிவில் மெதுவாக இறங்க வேண்டும். நான் வண்டிக்குக் கீழ்ப்பக்கச் சரிவில் நின்று, குனிந்து, தலையைக் கைகளுக்கு நடுவே கொடுத்து, பாரத்தைத் தாங்கியபடி பின்னால் பின்னால் நடக்க வேண்டும்.

நிரஞ்சன் கையை அசைத்தான். வண்டி இறங்கத் தொடங்கியது. பெயாரிங் சத்தமே இல்லை. நல்ல வேலைதான் செய்திருந்தேன்.

அவன் காதோரமாக ஒரு கண்ணால் அவளைப் பார்த்தேன்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். போகாதே என்று சொல்ல வாய் வராதவள் பார்க்கிற பார்வை. கண் நிறைந்து, ஆனால் வழியவில்லை. இந்த எட்டு மாதத்தில் அப்படி ஒரு பார்வையை அவளிடம் நான் வாங்கியதில்லை. அவனுக்கு நான்கே நாளில் கிடைத்துவிட்டது.



இன்னும் ஐந்தடி குழாய் இருந்தது. கையை எடுத்துவிட்டு ஒதுங்கினேன்.

வழுக்கவில்லை. நானாகத்தான் எடுத்தேன்.

வண்டி தண்டவாளத்தைத் தாண்டிப் பாய்ந்து, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் கவிழ்ந்தது. நிரஞ்சன் கெமராவைக் கட்டிப்பிடித்தபடி தேயிலைச் செடிகளுக்கு மேல் போய் விழுந்தான். முழங்கை கிழிந்து இரத்தம் வந்தது.

"ஷொட் கெடைச்சிருச்சுடா!" என்று படுத்த இடத்திலிருந்தே கத்தினான். "கால் வழுக்கிருச்சா? ஒனக்கு அடி கிடி படலியே?"

ஜெயந்தினி ஓடி வந்தாள். நேராக என்னிடம்தான் வந்தாள். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காயம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. பிறகு கானுக்குள் கிடந்த வண்டியிடம் போய்க் குனிந்தாள்.

கைப்பிடிக் கம்பியில் நான் பார்க்க முடியாத பக்கத்தில், என் இரண்டு கைகளும் இருந்த இடத்துக்கு நடுவே, அரக்குப் பொட்டு ஒட்டியிருந்தது.

அதை நகத்தால் கிள்ளி எடுத்தாள்.

"நீங்க குனிஞ்சா மூஞ்சியே தெரிய மாட்டேங்குதுங்க. அதான் நீங்க இருக்க எடத்துல ஒட்டி வச்சு அதயே பாத்தேன். தெரிஞ்சா கூச்சப்படுவீங்க, சொல்லாதன்னு அண்ணன்தான் சொன்னாரு."

பசை போன பொட்டை நெற்றியில் வைத்து அழுத்தினாள். அது ஒரு பக்கமாகச் சரிந்து ஒட்டியது.

"நேரா இருக்கா?" என்று என்னிடம் முகத்தைக் காட்டினாள்.

சரிசெய்ய எனக்குக் கை எழவில்லை.

"இருக்கு" என்றேன்.