கமிட் ராணி

சுவர்த்திரையில் இந்த வாரமும் அவள்தான் முதல். குழு மொத்தமும் கை தட்டியது. "கமிட் ராணி வாழ்க!" என்று பின்வரிசையில் எவனோ கத்தினான்.

எழுதிய கம்ப்யூட்டர் நிரலை ஒருவர் எத்தனை தடவை ஏற்றுகிறார் என்று ஆபீஸில் எண்ண ஆரம்பித்திருந்தார்கள். ஒரு தடவை ஏற்றினால் ஒரு கமிட். கூடவே ஆட்குறைப்புப் பேச்சும் கிளம்பியதால், எண்ணிக்கை குறைந்தவன் தலைதான் முதலில் உருளும் என்று எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு மட்டும் பயம் இல்லையா? புருஷன் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஒரே கமிட்டில் முடிகிற வேலையைப் பத்தாக நறுக்கினாள். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியதற்கே மூன்று கமிட் போட்ட மகராசி.

"ஒவ்வொரு கமிட்லயும் என்ன செஞ்சீங்க, ஏன் செஞ்சீங்கன்னு சின்னக் குழந்தைக்கும் புரியற மாதிரி குறிப்பு எழுதுங்க" என்று மேலாளர் சொன்னதையும் அவள் ஒருத்திதான் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலிக்காரனுக்கு 'சாமியார்' என்று பெயர். நாள் முழுக்க மோட்டுவளையைப் பார்ப்பான். எப்போதாவது ஒரு கமிட் போட்டு, 'சரி பண்ணியாச்சு' என்று மட்டும் எழுதுவான்.

"நான் எழுதின நிரலைக் கொஞ்சம் சரிபாரு தாயே. நீ ஓகே பண்ணாதான் அது என் கணக்குல ஏறும்" என்று கெஞ்சினான்.

"பாக்கறேன்டா. தலைக்கு மேல வேலை கிடக்கு."

அவள் பார்க்கப்போவதே இல்லை. கூட வேலை செய்கிறவன்தான், நல்லவன்தான். ஆனாலும் தனக்கு மிஞ்சித்தானே தானமும் தர்மமும்!

மதியம் மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே மனிதவளத்துறை அம்மாளும் இருந்தார். சம்பள உயர்வேதான் என்று அவளுக்கு மனசு துள்ளியது.

"உக்காருங்கம்மா. ஆட்குறைப்பு முடிவாயிடுச்சு."

"ஐயோ, பாவம் சார் சாமியார்!" முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாள். "நானே அவன்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லட்டுமா சார்?"

மேலாளர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாங்க சும்மா எண்ணிட்டு இருக்கலம்மா. எல்லாரோட கமிட்டையும், குறிப்பையும் ஏ.ஐ.க்குப் பாடமா ஊட்டிக்கிட்டிருந்தோம். சாமியார் என்ன செய்யறான்னு அதுக்கு ஒரு மண்ணும் புரியல."

"அப்போ நான்...?"

"உங்க வேலையை முழுசாக் கத்துக்கிச்சும்மா."