நஞ்சம்மா மேல் வந்த மொட்டைக் கடிதம்

“புத்தகம் வாங்கினவங்க பேரை மட்டும் சொல்லும்மா. மெமோ இல்லாம முடிச்சிடறேன்” என்றார் கல்வி அதிகாரி மாரிமுத்து.

“சொல்ல மாட்டேங்க சார்” என்றாள் நஞ்சம்மா.

மூக்கண்டப்பள்ளியின் அந்தத் தொடக்கப்பள்ளியில் நூலகம் என்றால் ஒரு மரப் பீரோவும் இருநூற்றுச் சொச்சம் கதைப் புத்தகங்களும்தான். அதற்குப் பொறுப்பு நஞ்சம்மா. மற்ற இடங்களில் ஆடிட்டுக்குப் பயந்து பீரோவைப் பூட்டினால் பூட்டினதுதான், பிள்ளைகள் கண்ணாடி வழியாக அட்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இவளோ பிள்ளைகளுக்குக் கொடுப்பது போதாதென்று, சாயங்காலமானால் ஒரு தகரப் பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே போய் உட்கார்ந்துவிடுகிறாள். ஷிஃப்ட் விட்டு வருகிற கூலி ஆட்கள் ஆளுக்கொன்று எடுத்துப் போவார்கள். இதற்கென்று தனிச் சம்பளம் கிடையாது, யாரும் செய்யச் சொல்லவும் இல்லை. அவளுக்கு அதுதான் பொழுதுபோக்கு.

அதைத்தான் யாரோ மொட்டைக் கடிதமாக எழுதிப் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் புத்தகம் வெளியாட்களிடம் போகிறதாம். பொம்பளையைச் சுற்றி ஆம்பளைக் கூட்டமாம். அங்கே ஒருத்தனுக்கும் படிக்கத் தெரியாதாம்.

பதிவேட்டைப் புரட்டிய அதிகாரிக்குக் கோபம் தலைக்கேறியது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் வெறும் நம்பர்.

நஞ்சம்மா விளக்கினாள். மீசை நரைத்தவர்கள்கூட ரெண்டாம் வகுப்புக் கதையை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். வீட்டில் பிள்ளைகளுக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே என்று பயப்படுகிறார்கள். பெயர் வெளியே வராது என்று அவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

மாரிமுத்து கெட்டவர் இல்லை. மேலிடத்துக்கு அவரும் ஏதாவது எழுதியாக வேண்டுமே. இந்தப் பெட்டியால் எழுத்து கற்றுக்கொண்ட ஒரே ஒரு ஆளைக் காட்டினால் போதும், சாதகமாக எழுதிவிடுகிறேன் என்றார். இல்லையென்றால் இன்றோடு பெட்டியைப் பூட்டிவிட வேண்டும் என்றார்.

“ஆளையும் காட்ட மாட்டேன், பெட்டியையும் பூட்ட மாட்டேன். மெமோ குடுங்க, வாங்கிக்கறேன். நாளைக்கு அஞ்சு மணிக்கு நான் அந்த கேட்டுகிட்டதான் சார் இருப்பேன்.”

வேலை போனால் என்ன செய்வது என்று அவளுக்கே தெரியாது. ஆனால் குரலை மட்டும் இறக்கவில்லை.

“என்ன திமிரு உனக்கு! ஊர் உன்னைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு நீயே பாரு” என்று கடிதத்தை மேஜைமேல் வீசினார் அதிகாரி.

எடுத்துப் படித்தாள். கோழிமுட்டை அளவில் எழுத்துகள், ஒன்று மேலே, ஒன்று கீழே. பேனாவை அழுத்திய அழுத்தில் இரண்டு இடத்தில் தாளே கிழிந்திருந்தது. கடைசி வரிக்கு வந்ததும் நஞ்சம்மா சிரித்துவிட்டாள். உடனே கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அந்த வரியை உரக்கப் படித்தாள்.

“இதனால் வீட்டில் களி ஆறிப் போகிறது.”

மாரிமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் வீட்டுக் களி ஆறினால் இவளுக்கென்ன என்று கேட்டார்.

“ஒரு ஆளைக் காட்டுன்னீங்களே, எழுதிக்கோங்க சார். பேரு திம்மராயன். இவருக்கு மட்டும் நான் வாக்கு எதுவும் குடுக்கல” என்றாள் நஞ்சம்மா. “எங்க வூட்டுக்காரருங்க. தெனம் ராத்திரி என்கிட்ட பாடற இந்தக் களிப் பாட்டத்தான் கடுதாசியிலயும் எழுதியிருக்காரு. பொண்டாட்டிகிட்டயா படிக்கறதுன்னு பத்து வருசமா வீம்பு புடிச்சவரு, நான் தூங்கினப்புறம், வூட்டுக்குக் கொண்டாந்து வெச்ச அந்தப் பெட்டியத் தெறந்திருக்காரு. போன தீபாவளி வரைக்கும் கைநாட்டு வெச்ச மனுசன் சார் இது!”