கியோட்டோவில் வயிற்றுவலி

"இந்தக் கக்கூஸைக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்தத்தான் துபாய்லேர்ந்து இவ்ளோ தூரம் வந்தீங்களா?"

பிரபாவதி ஹோட்டல் அறையின் பாத்ரூம் கதவைப் படபடவென்று தட்டினாள். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம்.

"வயித்தைக் கலக்குது பிரபா. நீயும் சம்யுவும் சுத்திப் பார்த்துட்டு வாங்க" என்று ஈனஸ்வரத்தில் பதில் சொன்னார் அவள் கணவர் அனந்தகிருஷ்ணன்.

கியோட்டோவுக்கு வந்ததிலிருந்து மூன்று நாளாக இதே கதை.

காலையில் மனுஷர் குத்துக்கல்லாட்டம் இருப்பார். ஹோட்டல் சாப்பாட்டை ஒரு பிடி பிடிப்பார். கோயில், மூங்கில் காடு என்று எல்லா இடத்துக்கும் முதல் ஆளாக நடப்பார். பகல் பன்னிரண்டரை ஆனால் போதும். முகம் கோணும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹோட்டலுக்கு ஓட்டம். ஒரு மணிக்கு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் ராத்திரிதான் தரிசனம்.

ஹோட்டலையும் குறை சொல்ல முடியாது. ஜன்னலைத் திறந்தால் ஆறு, கரையெல்லாம் செர்ரிப் பூ. பாத்ரூம் அதற்கும் மேலே. கிட்டே போனதும் மூடி தானாகத் திறக்கும். உட்கார்ந்தால் இதமான சூடு. பட்டனைத் தொட்டால் ஓடைச் சத்தம் வேறு.

"மாம், டாட் அந்த டாய்லெட்டுக்கு அடிக்ட் ஆயிட்டார். சோ எம்பாரசிங்!" என்றாள் பதினாலு வயசு சம்யுக்தா.

பிரபாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டு வருஷ துபாய் வாழ்க்கையில் எல்லா லீவும் திருச்சியில்தான் கரைந்திருக்கிறது. நாத்தனார் கல்யாணம், கொழுந்தன் வீட்டுக் கிரகப்பிரவேசம், யாரோ ஒருத்தர் பிள்ளைக்குக் காதுகுத்து. செர்ரி பூக்கும்போது கியோட்டோவைப் பார்க்கணும் என்று அவள் கேட்காத வருஷமில்லை. ஒருவழியாக வந்து சேர்ந்தால் இந்தக் கூத்து!

கோபத்தில் அக்காவுக்குப் போன் போட்டாள். "ஜப்பான்ல ஒரு சக்களத்தி வந்துட்டாக்கா. சுவிட்ச் போட்டா பாட்டெல்லாம் பாடுறா!"

அக்கா சிரித்த சிரிப்பில் கோபம் இன்னும் ஏறியது.

நாலாம் நாள். அவர் வழக்கம்போல் ஓடிவிட, தாயும் மகளும் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில் தூறல். மகளை ஒரு கடைவாசலில் நிறுத்திவிட்டு, குடை எடுக்க பிரபாவதி மட்டும் அறைக்குத் திரும்பினாள்.

பாத்ரூம் கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தாள்.

மூடிய டாய்லெட்டின் மேல் அனந்தகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். இடுப்புக்கு மேலே சட்டை, டை. கீழே லுங்கி. மடியில் லேப்டாப். போனைக் காதில் வைக்காமல் ஸ்பீக்கரில் போட்டு, துபாய் ஆபீஸ் நண்பர் ஹஸ்னைனோடு ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தார்.

"மீட்டிங் முடிஞ்சுது ஹஸ்னைன் பாய். கை பட்டு ஓடைச் சத்தம் வந்துடுச்சு. என்னதுன்னு மேனேஜர் கேட்டார். வீட்ல பைப் லீக்குன்னு சொல்லிட்டேன்."

"ரூம்ல உக்காந்து பேசினா என்ன?"

"கேமராவுல பின்னாடி ஜப்பானே தெரியும் பாய்! பாத்ரூம் டைல்ஸ்தான் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி வெள்ளை."

"மாட்டினா வேலை காலி. கிளம்ப ரெண்டு நாள் இருக்கும்போது லீவை கேன்சல் பண்ணிட்டாங்கன்னு உங்க வீட்ல பாபிகிட்ட சொல்லியிருக்கலாம்."

அனந்தகிருஷ்ணன் டையைத் தளர்த்திக்கொண்டார்.

"சொல்லியிருந்தா ஒரு வார்த்தை பேசாம, கட்டின பெட்டியைப் பிரிச்சு வச்சிருப்பா. பதினெட்டு வருஷமா அப்படித்தானே பிரிச்சு வச்சிருக்கா? அதான் ஒரு வாரம் வீட்லேர்ந்து வேலை பார்க்கிறேன்னு பர்மிஷன் வாங்கிட்டு வந்துட்டேன். துபாய்ல காலை எட்டு மணி ஆபீஸ்னா இங்க மத்தியானம் ஒரு மணி, அவ்ளோதான். கக்கூஸே கதின்னு கிடக்கேன்னு திட்டுறா. திட்டட்டும். பூவைப் பார்த்துட்டா இல்ல? கலாஸ், அது போதும்!"

பிரபாவதி வந்த சுவடு தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். குடை அறையிலேயே கிடந்தது.

"குடை எங்க மாம்?"

"கெடைக்கல" என்றவள், முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நல்லவேளை, மழை பெய்துகொண்டிருந்தது.

மறுநாள் கோயில் தோட்டத்தில் செர்ரி மரங்கள் பூத்துக் கொட்டின. அனந்தகிருஷ்ணன் உலகத்தையே மறந்து மகளை இப்படி நில், அப்படித் திரும்பு என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். பிரபாவதி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பகீரென்றது. அவர் கையிலிருந்த கேமராவைப் பிடுங்கிக்கொண்டு கத்தினாள்:

"என்னங்க, மணி பன்னிரண்டே முக்கால்! இன்னுமா உங்களுக்கு வயித்தைக் கலக்கல?"