முட்டை வைக்க ஓர் இடம்

மேசைமேல் கண்ணி போல வளைத்து நிறுத்தியிருந்த பட்டைக் கம்பியில் ஓர் எறும்பு முட்டையோடு ஏறிக்கொண்டிருந்தது. கால்கள் ஓய்ந்துவிட்டன. சரிவில் இறக்கினால் முட்டை உருண்டுவிடும்.

"அண்ணே, இதில் சரிவே இல்லாத இடம் எங்கே?" என்று கீழே கிடந்த பென்சிலிடம் கேட்டது.

பென்சில் அந்த வளைவின் சமன்பாட்டைத் தாளில் எழுதியது. "எக்ஸும் ஒய்யும் பின்னிக் கிடக்கின்றன. இருக்கட்டும், பிரிக்காமலே வகையிட்டுச் சாய்வைக் காண்கிறேன்" என்றது. சாய்வு ஒரு பின்னமாக வந்தது.

"பின்னத்தின் மேலே உள்ள தொகுதி பூச்சியமானால் தொடுகோடு கிடையாகப் படுக்கும். இரண்டு இடம் கிடைக்கிறது. ஒன்று கண்ணியின் உச்சி. மற்றது கம்பி தன்னையே வெட்டிக்கொள்ளும் இடம். ஆனால் அங்கே கீழே உள்ள பகுதியும் பூச்சியம்."

"அப்படியென்றால்?"

"அங்கே என் பின்னம் எதுவும் சொல்லாது. நீ உச்சிக்கே போ."

எறும்பு உச்சியில் முட்டையை இறக்கியது. அது அசையவில்லை. மூச்சு வாங்கி முடித்ததும் எறும்புக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெட்டும் இடத்துக்கு இறங்கி ஓடியது.

"அண்ணே! இங்கே ஒரு வழி படுத்திருக்கிறது, இன்னொன்று செங்குத்தாக நிற்கிறது!"

பென்சில் புரண்டு அண்ணாந்து பார்த்தது.

"இரண்டில் எதைச் சொல்வது என்று தெரியாமல்தான் பின்னம் வாயை மூடிக்கொண்டதா!"