நைட்டியில் நிற்பவள்

"நைட்டின்னு கூப்பிட்டா இனிமே வரமாட்டேன்க்கா."

"நைட்டியில நிக்கிறவள நைட்டின்னு கூப்பிடாம, பட்டுச்சேலைன்னா கூப்பிடுவாங்க?"

"எனக்குன்னு ஒரு பேரு இருக்கு."

"யாருடி இல்லைன்னா?"

"அப்ப சொல்லுங்க பாப்போம்."

அக்கா வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் அந்த ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியை நிறைத்திருந்தது. நைட்டி புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் புரட்டுவதை விட்டுவிட்டுக் காதைக் கொடுத்தார்கள். தள்ளுபடி எங்கே ஓடிவிடப்போகிறது.

அவள்தான் நைட்டிப் பிரிவுக்கு சூப்பர்வைசர். சித்திரையில் ஆனாள். ஆன கையோடு தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். அதற்கு முன்னால் அவளும் அங்கே நின்று மடித்தவள்தான். இப்போது எதிரில் நின்று எகிறுகிற இதே பெண்ணோடு ஒரே பொட்டலத்தில் மிக்சர் தின்றவள்.

பேர் மட்டும் தெரியாது. தேவைப்படவில்லை.

அந்தக் கடையின் வழக்கம் அப்படி. எந்தப் பிரிவில் நிற்கிறோமோ அதுதான் பேர். 'சுடிதார் கீழே வரவும்' என்று மைக்கில் சொல்வார்கள்; ஒரு பெண் இறங்கி வருவாள். 'வேட்டி சாப்பிடப் போயிருச்சா?' என்று கேட்பார்கள். உள்ளாடைப் பிரிவில் ஒரு வாலிபன் இருந்தான். 'ஜட்டி, பில் போடுற இடத்துக்கு வா' என்று மைக் கூப்பிடும்போது, வாங்க வந்தவர்கள்தான் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அவளையும் நைட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட மாத்திரத்தில் ஓடினாள். அதற்காகவே சூப்பர்வைசர் ஆக்கினார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு.

சண்டையை மாடிப்படியில் நின்று மேனேஜர் கேட்டுவிட்டார். முதலாளியின் மச்சினர்.

"எதுத்துப் பேசுன அந்த நைட்டிய சாயங்காலத்துக்குள்ள அனுப்பிரு. இல்லைன்னா நீயும் கூடவே கிளம்பு."

சொல்லிவிட்டு மேலே போனார். ஏசி அங்கேதான் இருந்தது.

கொடுத்த லட்டைத் தெருவில் திரும்ப வாங்க முடியாது. அவளுக்கு அது தெரியும்.

மத்தியானம் சாப்பாட்டு அறைக்குப் போனாள். சூப்பர்வைசர் ஆனபிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள். தனி ஸ்டூலில் உட்கார்ந்து தின்பதுதான் கௌரவம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

"உன் பேரென்ன?" என்றாள், முதலில் இருந்தவளிடம்.

அந்தப் பெண்ணுக்குப் புரை ஏறியது.

பாண்டிச்செல்வி. பாண்டீஸ்வரி. ஜெரினா. அங்காள ஈஸ்வரி.

கடைசியில், காலையில் எகிறியவள் தட்டிலிருந்து நிமிராமல் சொன்னாள்: நாகஜோதி.

மறுபடியும் சொல்லச் சொல்லி, தானும் சொல்லிப் பார்த்தாள். இரண்டு பாண்டிகளும் இடம் மாறின. ஈஸ்வரி இன்னொருத்தியின் வாலில் போய் ஒட்டிக்கொண்டாள். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். வேலை போகிற பயத்தில் அக்காவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று சுடிதார் வேட்டியிடம் சொன்னது. வேட்டி அதைத் தரைத்தளம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவள் விடவில்லை. கை நைட்டியை மடித்தது. உதடு பேர்களை மடித்து அடுக்கியது. குலைந்தால் மறுபடி முதலிலிருந்து.

சாயங்காலம் மேனேஜர் இறங்கி வந்தார்.

"அனுப்பிட்டியா?"

"யாரை சார்?"

"அந்த நைட்டியைத்தான்."

"நைட்டியில இவ்வளவு பேர் நிக்கிறாங்க. பேரைச் சொல்லுங்க சார்."

நின்றார்கள். எல்லாருக்கும் கடை கொடுத்த கத்திரிப்பூ நிறச் சேலை. எல்லாருக்கும் ஒரே கொண்டை.

மேனேஜர் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். விரலை நீட்டினார்.

"இவதான்."

"காலையில நான் லீவு சார்," என்றாள் பாண்டீஸ்வரி. "சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தேன்."

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு.

"யாரது, ஜட்டியா?" என்று மேனேஜர் கத்தினார். குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அவள் கையிலிருந்த நைட்டியை மடித்து அடுக்கில் வைத்தாள்.

"பேர் தெரியாத ஆளை நான் அனுப்ப மாட்டேன் சார்," என்றாள். "தெரிஞ்ச ஆளையும் அனுப்ப மாட்டேன்."

கூட்டம் முழுக்கத் தன்னையே பார்ப்பதைக் கண்டு மேனேஜர் மேலே போனார். அந்தப் பேச்சு அதன்பிறகு கீழே இறங்கவில்லை.

மைக் மட்டும் சில நாள் திக்கியது. 'சுடி...' என்று ஆரம்பித்து, 'கலைவாணி' என்று முடித்தது.

தை மாதம் நாகஜோதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை யாரென்று கடைவீதியே துருவியது. அன்றைக்குச் சிரித்த உள்ளாடைப் பிரிவு வாலிபன்தான். அவனுக்கும் சுப்புராஜ் என்று ஒரு பேர் இருந்திருக்கிறது. கல்யாணம் முடிந்ததும் இருவரும் திருப்பூரில் குடியேறுகிறார்களாம். பனியன் கம்பெனியில் வேலையாம். ஆள் தொழிலை விடவில்லை.

கல்யாணத்தில் சூப்பர்வைசரும் மேடை ஏறினாள். நாகஜோதி அவள் கையைப் பிடித்து இழுத்து மாமியாரிடம் காட்டினாள்.

"அத்தை, அன்னைக்கு என் வேலையக் காப்பாத்துனது இவங்கதான். எங்க நைட்டி அக்கா."

மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

அவள் பட்டுச்சேலைதான் கட்டியிருந்தாள்.

"அடுத்த ஆளு வாங்க," என்றார் போட்டோக்காரர். பின்னால் பரிசுப் பொட்டலங்களோடு வரிசை நெளிந்தது.

அவள் நகரவில்லை. பிடித்த கையையும் விடவில்லை.

"சொல்லு பாப்போம்," என்றாள்.

நாகஜோதி வாயைத் திறந்தாள்.