நீதிமன்றம் துக்கம் அனுசரித்தது

மாரிக்கொழுந்தின் கணவன் அரசு மருத்துவமனைப் பிணவறையில் கிடந்தான். கொள்ளி வைக்கவேண்டிய ஒரே மகன் சிறையில் இருந்தான். அவனை ஒருநாள் வெளியே விடச் சொல்லும் மனுவை அழைப்பதற்குள், மூத்த வழக்கறிஞர் அம்பலவாணர் காலமான செய்தி வந்து சேர்ந்தது. நீதிமன்றமே எழுந்து நின்றது. கருப்பு அங்கிகள் மாறிமாறிப் புகழ்ந்தன: ஏழைகளின் காவலர், வாய்தா வாங்கி வழக்கை இழுத்தறியாதவர், எத்தனை வேலையிருந்தாலும் ராத்திரிச் சாப்பாடு பெண்டாட்டி பிள்ளைகளோடுதான். அன்னாருக்கு மரியாதையாக அன்றைய வழக்குகள் அத்தனையும் தள்ளிவைக்கப்பட்டன.

வராந்தாவில் அவளுடைய வக்கீல் கையைப் பிசைந்தார். "இப்படி ஆகும்னு யாரும்மா கண்டா?"

"நாளைக்காவது கூப்பிடுவாங்களாய்யா?"

"நாளைக்குச் சனிக்கிழமைம்மா."

அவள் படியிலேயே உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கம் வந்த வழக்கறிஞர் சங்கச் செயலாளர் நெகிழ்ந்துபோனார். "பாருங்கய்யா, எந்த ஊர் அம்மாவோ, மனுசனுக்காக எப்படிக் கதறுது. இதுதான்யா சம்பாத்தியம்" என்றவர், அவளைக் கைத்தாங்கலாக எழுப்பி, மாலை போட்டிருந்த அம்பலவாணர் படத்தருகே கொண்டுபோய் நிறுத்தினார். பத்திரிகைக்காரன் கேமராவைத் தூக்கினான்.

"கொஞ்சம் ஐயாவைப் பாத்து அழுங்கம்மா."